சட்டத்துக்குக் குளிராது

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக் கதவை முழங்காலால் இடித்துத் திறந்தேன். சில வாரமாக இப்படித்தான். ஈரத்தில் மரம் உப்பிவிட்டது என்று நினைத்து மேல் விளிம்பை இழைத்தும் பார்த்தேன். இன்று கதவு திறந்தது, பிறகு தானாகவே மெல்ல வந்து சாத்திக்கொண்டது. அம்மாவின் மாத்திரைக் குப்பி என் கை தவறி விழுந்தது. வாஷ்பேசினுக்கு அடியிலிருந்து உருண்டு வடக்கு மூலையில் போய் நின்றது. எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தேன். மறுபடி அதே மூலை.

கதவில் கோளாறில்லை. தரை சாய்ந்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "நானும் அந்தப் பக்கமாத்தான் சாயறேன். ரெண்டு பேரும் ஒத்துப்போறோம், விடு" என்றாள்.

வேலைக்குப் போய் மூன்று குடாக்களில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்தேன். சிப்பி தோண்டுபவர்கள் சேற்றின் ஓரத்தில் நின்று, நாளைக்காவது தோண்ட விடுவார்களா என்ற கண்ணோடு என் குப்பிகளைப் பார்த்தார்கள். பதில் என்னிடம் இல்லை, ஆய்வகத்தில் இருக்கிறது. நாள் முழுக்க மூலைக்கு உருண்ட அந்தக் குப்பியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 13, சனி

வடக்குப் பக்கத்துப் போர்வையைப் பிரித்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. நவம்பரில் குளிர் ஏறாமலிருக்க ஃபிர் மரக் கிளைகளை வீட்டைச் சுற்றி அடுக்கி, வைக்கோல் கட்டுகளைச் சாய்த்துப் போர்வை போட்டால், ஜூன் வரை யாரும் கை வைப்பதில்லை. இந்தக் கரையில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். ஏப்ரலில் பிரித்தால் ஊர் என்ன நினைக்கும் என்றாள். ஊர் என்றால் பக்கத்து வீட்டு ஓபல்.

மேல் கிளைகள் பழுப்பாகிக் காய்ந்திருந்தன. அடியில் இருந்தவை இன்னும் பச்சை, பிழிந்தால் தண்ணீர் வரும். வைக்கோல் கட்டு தூக்கும்போதே இரண்டாகப் பிய்ந்தது. வீட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வினைல் தடுப்பில் ஒரு பலகையைக் கழற்றி, டார்ச்சோடு உள்ளே ஊர்ந்தேன்.

முதலில் நாற்றம். கடல் சேற்று நாற்றம் எனக்குப் பழக்கம். இது வேறு, பழைய காசை வாயில் போட்டதுபோல.

வீட்டின் நீளத்துக்கு ஓடும் இரண்டு பெரிய இரும்பு உத்தரங்கள். அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். இந்தச் சட்டத்தின் மேல்தான் சுவர்கள் நிற்கின்றன. குளியலறைக்கு அடியில் உள்ள கையைத் தொட்டேன். ஏடு ஏடாகக் கழன்று என் முகத்தில் விழுந்தது. ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. பலம் கொடுத்துக்கூட அழுத்தவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே மல்லாந்து கிடந்தேன். தலைக்கு மேலே அம்மா சமையலறையிலிருந்து ஜன்னலுக்கு நடந்தாள். நின்றாள். திரும்பினாள். இவ்வளவு வருடமாக நாங்கள் இதன் மேல்தான் தூங்கிக்கொண்டிருந்தோமா?

ஏப்ரல் 14, ஞாயிறு

கண்ணில் துரு. கழுவிக் கழுவிப் பார்க்கிறேன், உறுத்தல் போகவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

அண்ணன் ட்வைட் பேங்கர் நகரத்திலிருந்து கூப்பிட்டான். நான் ஏன் அவனிடம் சொன்னேன்? மூன்று வருடமாக அவன் தேடிக்கொண்டிருந்த காரணத்தை நானே கையில் கொடுத்துவிட்டேன். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கான குடியிருப்பு, லிஃப்ட், தரைக்கடியில் வெந்நீர்க் குழாய், எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். கெட்டவன் இல்லை. அம்மா ஒரு நாள் விழுந்து கிடப்பாள், நான் குடாவில் இருப்பேன் என்ற பயம் அவனுக்கு. எனக்கும்தான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். வெல்டர் லைல் வந்து பார்க்கட்டும். தேறாது என்று அவர் சொன்னால் அம்மா குளிருக்கு முன் பேங்கர் போக வேண்டும்.

அம்மா போனைப் பிடுங்கி, "என்னைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா வீட்டோட தூக்கிட்டுப் போடா. சக்கரம் இன்னும் அடியிலதான் கிடக்கு" என்றாள்.

உண்மைதான். நான் பார்த்தேன். டயர் பொடிந்துவிட்டது, அச்சு இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து அந்தச் சக்கரத்தில்தான் இந்த வீடு வந்தது.

ஏப்ரல் 27, சனி

லைல் வந்தார். இந்த மாதிரி வீடுகளை இழுத்து வந்து நிறுத்தி, மட்டம் பார்த்து, வெல்டிங் அடிப்பதுதான் அவர் தொழில். ட்வைட்டோடு பள்ளியில் படித்தவர். அம்மாவுக்கு இன்னும் ஜன்னலை உடைத்த பையன்.

நிறைய நேரம் உள்ளே இருந்தார். சுத்தியலால் தட்டும் சத்தம் வரிசையாகக் கேட்டது: டிங், டிங், டிங், பிறகு தொப்பென்று ஒன்று. தொப்பென்று கேட்ட ஒவ்வொரு முறையும் அம்மா தேநீர்க் கோப்பையை மேசையில் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

வெளியே வந்து லாரிக்குப் பக்கத்தில் என்னிடம் சொன்னார். உத்தரங்கள் பிழைத்துக்கொள்ளும், ஓரிடத்தில் மட்டும் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். வடக்குப் பக்கத்துக் கைகளில் நாலைந்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மீதி எல்லாவற்றையும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, பெயிண்ட் அடிக்க வேண்டும். அது நான் செய்யக்கூடியது. எனக்கு உடனே மூச்சு வந்தது.

உப்புக் காற்றா காரணம் என்று கேட்டேன். அதைத்தான் நான் நம்பியிருந்தேன். உப்பு என் தொழில். அவர், நான் பிரித்துப் போட்ட கிளைக் குவியலைக் காலால் தள்ளினார்.

"இதுதான். கல் அஸ்திவாரம் உள்ள வீட்டுக்கு இது சரி. இரும்பு மேல நிக்கிற வீட்டுக்கு இது ஈரத் துணி. வருஷத்துல பாதி நாள் ஈரத் துணியைச் சுத்தி வெச்சா எது தாங்கும்? காத்து போகணும், நடீன். இனிமே போர்வை கிடையாது. அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ, நான் கிளம்பறேன்."

சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பினாள். சனிக்கிழமைதோறும் வைக்கும் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது, அதைத் திறந்து கிளறி மூடினாள்.

"சட்டத்துக்குக் குளிராதுடி டீனி. எனக்குத்தான் குளிரும்."

நவம்பர் வரட்டும், தன் கையாலேயே போடுவேன் என்றாள்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினத்துக்கு அம்மாவுக்குப் பூ, எனக்கு முகமூடி, கண்ணாடி, கம்பி பிரஷ் பொருத்திய கிரைண்டர். ஒரு முழுப் பகலில் என் உயரத்துக்கு இரும்பைச் சுத்தம் செய்தேன். நான் உயரமானவள் இல்லை.

லைல் ஜாக்கி வைத்து வடக்குப் பக்கத்தைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறார். குளியலறைக் கதவு இப்போது ஒரு விரலால் திறக்கிறது. அம்மா போகும்போதும் வரும்போதும் திறந்து பார்க்கிறாள்.

மே 26, ஞாயிறு

கறுப்பு ஈக்கள். அடியில் வருவதில்லை, அதுவரை நல்லது. வெளியே தலையை நீட்டினால் மொய்க்கின்றன.

ஜூன் 16, ஞாயிறு

தோளைத் தூக்க முடியவில்லை. இடது கையால் எழுதுவதுபோல் எழுத்து கோணுகிறது.

வாரத்தில் ஐந்து நாள் தண்ணீர், இரண்டு நாள் இரும்பு. வேலை ஒரே மாதிரிதான்: படுத்துக்கொள், சுரண்டு, துடை, துரு மேல் அடிக்கும் சிவப்பு பிரைமரை முதலில் அடி, காயட்டும், பிறகு கறுப்பு. அடித்து முடித்த பகுதி டார்ச் வெளிச்சத்தில் பளபளக்கிறது. அதைப் பார்க்கும்போது மட்டும் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியைப் பற்றி யோசித்தேன். என் கல்யாண வாழ்க்கையில் எதையும் நான் இப்படிச் சுரண்டிப் பார்த்ததில்லை. போர்ட்லாந்தில் நாங்கள் இருந்த வீட்டின் மேல் பெயிண்ட்தான் அடித்துக்கொண்டிருந்தோம், இருவரும், மாறி மாறி. பிறகு ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போய்விட்டது.

போதும். தூக்கம் வருகிறது.

ஜூலை 6, சனி

லைல் இரும்புக் கைகளை மாற்றினார். பழையதை வெட்டும்போது பாதி வெட்டியதுமே மீதி உடைந்து விழுந்தது. புதியதைப் பிடித்துக்கொள்ள நான் உடன் கிடந்தேன், சமையலறைக்கு அடியில், இருவரும் மல்லாந்து, பக்கத்துப் பக்கத்துப் படுக்கை நோயாளிகள்போல. மேலே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம்.

சும்மா இருக்க மாட்டாமல் கேட்டேன். அம்மா பிடிவாதமாகப் போர்வை போட்டால் என்ன ஆகும்?

வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு உத்தரத்தைப் பார்த்தபடி சொன்னார். "இப்ப மாத்தினது மாத்தியாச்சு. போர்வை போட்டாலும் பத்து வருஷம் பயமில்லை. அம்மா காலத்துக்கு எப்படியும் தாங்கும். நான் உன் காலத்துக்குப் பாக்கறேன். காத்தோட்டமா வெச்சா நீ கிழவி ஆகற வரைக்கும் இருக்கலாம். அடைச்சா அம்மாவுக்கப்புறம் உனக்கு வீடு கிடையாது, அவ்வளவுதான்."

மேலே தண்ணீர் ஓடுவது நின்றது. பாத்திரம் கழுவி முடித்துவிட்டாள்போல. மறுபடி ஓடியது.

வேலை முடிந்ததும் அம்மா ஹாடக் மீன் போட்ட பால் சூப் வைத்திருந்தாள். லைல் மூன்று கிண்ணம் குடித்தார். ஜன்னலை உடைத்த கணக்கு இன்றோடு தீர்ந்தது என்றாள் அம்மா. அது ட்வைட் உடைத்தது என்று லைல் சொன்னார். நாற்பது வருடம் கழித்து.

ஜூலை 7, ஞாயிறு

அம்மா இன்று அமைதி. வெயில் காரணமாக இருக்கும்.

ஆகஸ்ட் 10, சனி

அடியில் படுத்தபடி அம்மாவின் நாளை முழுசாகத் தெரிந்துகொள்ளலாம். படுக்கையிலிருந்து இறங்கும்போது முதலில் வலது கால், பிறகு நீண்ட இடைவெளி, பிறகு இடது கால். அடுப்பு. மேசை. ஜன்னல், அங்கே அதிக நேரம். குடாவில் எந்தப் படகு என்று பார்க்கிறாள். ரேடியோ. மேசை. மதியத்துக்கு மேல் வடக்கு அறைக்குப் போகிறாள். அங்கே அப்பாவின் நாற்காலி இருக்கிறது, அதில் உட்காருவதில்லை, சுற்றிக்கொண்டு போய் துணி மடிக்கிறாள்.

மேலே ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அங்கே இவ்வளவு தெரிவதில்லை.

ப்ளூபெர்ரி பொறுக்க ஓபல் அழைத்தாள், போகவில்லை. இன்னும் தெற்குப் பக்கம் முழுக்க பாக்கி.

செப்டம்பர் 14, சனி

தெற்குப் பக்கம் முடிந்தது. மீதி பெயிண்ட் பாதி டப்பா இருக்கிறது. மண்ணின் மேல் விரிக்க பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் பாக்கி.

அம்மா சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்: "குளியலறைக்கு என்ன நிறம் அடிக்கப்போறே?"

இப்போதா என்றேன்.

"இப்ப இல்ல. அப்புறமா. உனக்குப் பிடிச்ச மாதிரி."

வெள்ளை என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. வெள்ளை அழுக்காகும் என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

இரவு படுத்தபடி நிஜமாகவே அந்த நிறத்தைப் பற்றி யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இந்தக் கோடை முழுக்க இந்த வீட்டின் எலும்பைச் சுரண்டியிருக்கிறேன். இதற்குள் நான் தனியாக இருக்கும் ஒரு காலையைக்கூட என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. குளியலறை வருகிறது, கதவு வருகிறது, நான் வரவில்லை. இந்த வீடு எனக்கு வேண்டுமா? கேட்டுக்கொண்டதே இல்லை. துரு இருந்தது, சுரண்டினேன்.

அக்டோபர் 5, சனி

பிளாஸ்டிக் விரித்தாயிற்று. வினைல் தடுப்பின் மூச்சுத்துளைகளில் அடைத்திருந்த பழைய துணி, செய்தித்தாள், ஒரு காலுறை, எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். வடக்கே ஒரு துளையில் முகத்தை வைத்தால் காற்று மறுபக்கம் வரை நேராகப் போகிறது. லைல் கேட்டால் சந்தோஷப்படுவார்.

அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, காலடியில் வைக்க மின்சார ஹீட்டர், சமையலறைக்குத் தடித்த விரிப்பு வாங்கி வந்தேன். "ராஜ வாழ்க்கை" என்றாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

போர்வை பற்றிப் பேச்சு எடுக்கும் தைரியத்தோடு உட்கார்ந்தேன். சண்டைக்குத் தயாராக, வார்த்தைகளை வரிசையாக வைத்துக்கொண்டு. அம்மா முந்திக்கொண்டாள்.

"இந்த வருஷம் கிளை வேண்டாம்டி. யாரு வெட்டறது, யாரு இழுக்கறது. எனக்கு இப்பல்லாம் அவ்வளவா குளிர்றதும் இல்ல."

அவ்வளவுதான். நான் வரிசையாக வைத்திருந்த வார்த்தைகள் வீணாயின. நன்றாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு நன்றாக.

நவம்பர் 1, வெள்ளி

நல்ல உறைபனி, முதலாவது. மூன்று விழுந்த பிறகு வெட்டினால்தான் ஃபிரின் ஊசியிலை உதிராது. அம்மா ஜன்னலைப் பார்த்து "ஒண்ணு" என்றாள். ஃபிர் கொப்புகளில் கிறிஸ்துமஸ் வளையம் கட்டும் கொட்டகைக்கு இந்த வருடமும் போகிறாள், ஓபலின் காரில். உட்கார்ந்து செய்யும் வேலை, அங்கே அடுப்பு இருக்கிறது.

கொட்டகையில் வேலை தொடங்கும் முன்பே போக ஆரம்பித்துவிட்டாள் என்று ஓபல் சொன்னாள். "உங்கம்மாவுக்கு வளையம் மேல என்ன திடீர் காதல்? அடுப்பைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

தண்ணீர் உறையாமலிருக்கக் குழாய்களில் சுற்றிய சூடேற்றும் நாடாவைப் பார்க்க மறுபடி உள்ளே போனேன். காற்று கத்திபோல. வேலையை முடித்துவிட்டு, பழக்கத்தில் கொஞ்சம் படுத்துக் கேட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

தூங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு ரேடியோ நிலையம் மாறியது. விழித்துத்தான் இருக்கிறாள். ஜன்னலுக்குப் போகவில்லை. வடக்கு அறைக்குப் போகவில்லை. நான் உள்ளே இருந்த அத்தனை நேரமும் அடுப்புக்கு முன்னால் ஒரே இடத்தில் ஒரு நாற்காலி, எப்போதாவது அது கிறீச்சிடும். அவ்வளவுதான்.

குடாவில் இரண்டு முறை படகுச் சத்தம் வந்து போயிற்று. அவள் எழுந்து பார்க்கவில்லை.

மேலே போனபோது கோட்டு போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போகலாம் என்று நினைத்ததாகச் சொன்னாள். கோட்டின் பொத்தான் கழுத்து வரை.

நவம்பர் 5, செவ்வாய்

இரவு அவள் காலுறை மாற்றும்போது பார்த்துவிட்டேன். விரல்கள் நீலம் கலந்த சிவப்பு, இரண்டு இடத்தில் தோல் வெடித்திருக்கிறது. இதய மாத்திரை ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான் என்றாள். ஹீட்டர் எங்கே என்றேன். அணைத்துவிட்டாளாம், காலைச் சுடுகிறதாம்.

"பார்க்காதே, அழகா இல்ல" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

போர்வை போடலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேண்டாம்னு சொன்னா வேண்டாம். விடுடி."

கோபத்தில் சொன்னாள். குளிருக்கு ஏன் கோபப்பட வேண்டும்? ஏப்ரலில் தன் கையாலேயே போடுவேன் என்று அடம் பிடித்தவள். எது மாறியது? வயதா? சோர்வா? எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

லைல் குளிருக்கு முன் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வந்தார். எனக்கு இன்று விடுமுறை. அம்மா கொட்டகையில். அவர் உள்ளே ஊர்ந்ததும் நான் காபி போடச் சமையலறைக்கு வந்து, பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றேன்.

என் கால் அடியிலிருந்து அவர் குரல். தன் முழங்கால் முட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். "எழுந்திருடா கிழட்டு முட்டி. இன்னும் ரெண்டு தாங்கு கல்லு பாக்கணும், அப்புறம் காபி."

கத்தவில்லை. முணுமுணுத்தார். ஒவ்வொரு சொல்லும் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னதுபோல் கேட்டது.

குழாயைத் திறந்தேன். குரல் கேட்கவில்லை. மூடினேன். கேட்டது.

ஜூலையில் தண்ணீர் நின்றதே. நின்று, பிறகு மறுபடி ஓடியதே.

ஆறு மாதமாக அடியில் கிடந்து அவள் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவள் நாளையே தெரிந்துகொண்டுவிட்ட பெருமையோடு. தரை ஒரு பக்கம்தான் கேட்கும் என்று நினைத்தேனா? அம்மா காலத்துக்குத் தாங்கும், அடைச்சா உனக்கு வீடு கிடையாது. தொட்டியில் கை வைத்தபடி அதை முழுசாகக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பாத்திரத்தை அலசியிருக்கிறாள். மூன்று கிண்ணம் சூப் ஊற்றியிருக்கிறாள். பிறகு என்னிடம் குளியலறைக்கு என்ன நிறம் என்று கேட்டாள். நான் வெள்ளை என்றேன்.

கடவுளே. வெள்ளையாம்.

லைல் வெளியே வந்து, சட்டம் எலும்புபோல் காய்ந்திருக்கிறது, இப்படி ஒரு வேலையை யாரும் செய்து பார்த்ததில்லை என்றார். "நீ இதையே தொழிலா வெச்சுக்கலாம். நான் ஓய்வு எடுத்துக்கறேன்." சிரிக்க முயன்றேன். ஏப்ரலில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். காற்று போகட்டும், அதை மட்டும் மறக்காதே என்றார். மறக்கமாட்டேன் என்றேன்.

அம்மா வந்தாள். கையெல்லாம் ஃபிர் பிசின், முகத்தில் கொட்டகை அடுப்பின் சிவப்பு. லைல் என்ன சொன்னான் என்று கோட்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்குன்னாரும்மா" என்றேன்.

"நீ கிழவி ஆகற வரைக்கும் நிக்குமா?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் சொன்ன அதே வார்த்தை. அவளுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

நிக்கும் என்றேன்.

"அது போதும்."

நவம்பர் 9, சனி

காலையில் எழுந்தபோது ஜன்னலில் உறைபனி. அம்மா "மூணு" என்றாள். இரண்டாவது எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். கம்பளிக்குள் இருந்தபடி எண்ணியிருக்கிறாள், தனக்கு வேண்டாம் என்று சொன்ன கிளைகளுக்காக.

பகலில் கடைசியாக ஒரு முறை உள்ளே போனேன். ஒரு வேலையும் இல்லை. டார்ச்சை அடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தேன். நான் அடித்த கறுப்பு. லைல் வைத்த தகடு, அதன் விளிம்பில் சீரான வெல்டிங் வரி. அழகாகத்தான் இருக்கிறது. கையை வைத்தேன். சில்லென்று, காய்ந்து, கெட்டியாக இருந்தது. இதற்கு ஒன்றும் வேண்டியதில்லை. என்மேல் இதற்கு எந்தக் கோபமும் வராது.

போர்வை போட்டாலும் பத்து வருடம் பயமில்லை என்றார் லைல். அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது, அந்த மாத்திரைகள், அந்தக் கால்கள். பத்து வருடம் தாராளம். மிச்சம் என் பங்கு, எனக்கு நிறம்கூடத் தோன்றாத அந்த வருடங்கள். அதற்காக அவள் ஜன்னலுக்குப் போகாமல் இருக்கிறாள்.

அவளிடம் சொல்லப்போவதில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், நான் வேண்டும் என்பேன், இருவரும் மாறி மாறி விட்டுக்கொடுத்து, போர்வை இல்லாமலே ஜனவரி வந்துவிடும். ட்வைட்டிடமும் சொல்லப்போவதில்லை. லைலிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே அவரிடம் நிச்சயமாக இல்லை.

திங்கட்கிழமை விடுமுறை. ஓபல் எட்டு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். ரம்பத்தைத் தீட்டி காரில் வைத்தாயிற்று. ஓடைக்கு அந்தப் பக்கம் இளம் ஃபிர்கள் நெருக்கமாக நிற்கின்றன. வைக்கோல் கட்டுகளுக்குச் சொல்லிவிட்டேன். எல்லாத் துளைகளையும் அடைத்து, வடக்குப் பக்கத்தில் இரண்டு வரிசை வைக்கப்போகிறேன். ஜூன் வரை எடுக்கமாட்டேன். பாதி டப்பா பெயிண்டை ஓபலின் மகனுக்குக் கொடுத்துவிடலாம், அவன் படகுக்கு நங்கூரச் சங்கிலி இருக்கிறது.

ஏப்ரலில் லைல் வந்து யார் இதைச் செய்தது என்று கேட்டால், அம்மாதான் என்று சொல்லிவிடுவேன். அவள் மறுக்கமாட்டாள்.